தடித்த எழுத்து

கண்ணைத் திறக்கக் கூடாது என்று சொல்லித்தான் சிஸ்டர் சொட்டு மருந்து விட்டுவிட்டுப் போனாள். செண்பகவல்லியும் சொன்ன பேச்சுக் கேட்கிறவள்தான். வலது கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். இடது கண்ணை மட்டும் ஒரு கீற்றுத் திறந்து, மகாராஜன் எப்போது எழுந்து போவார் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். புருஷன் பக்கத்தில் இருந்தால் ஆறுதல் என்று ஆஸ்பத்திரிக்கு வருகிற பெண்களெல்லாம் நினைக்கும்போது, இந்த மனுஷர் கொஞ்ச நேரம் எங்கேயாவது போய்த்தொலைந்தால் தேவலை என்று இவள் நினைத்தது பாவம்தான். அந்தப் பாவத்துக்கு உடனே பலன் கிடைத்தது. வாட்ச்மேன் உள்ளே வந்து, கேட்டுக்கு முன்னால் நிற்கிற சிவப்பு வண்டி யாருடையது என்று சத்தம் போட்டான். "நம்ம வண்டிதான். நகட்டிவிட்டுட்டு அப்படியே ஒரு காப்பி குடிச்சிட்டு வாரேன் செம்பா. நீ கண்ண மூடிக்கிட்டு இரு" என்று மகாராஜன் போனார். செருப்புச் சத்தம் படியிறங்கும்வரை காத்திருந்துவிட்டு அவள் கைப்பையிலிருந்து போனை எடுத்தாள். எடுக்கும்போதே தொண்டையில் ஒரு கசப்பு இறங்கியது. கண்ணில் விட்ட மருந்து தொண்டையில் ஏன் கசக்கவேண்டும்? கண்ணுக்கும் தொண்டைக்கும் நடுவில் ஒரு வாய்க்கால் ஓடுகிறதா என்ன? இத்தனை வயசுக்கு அதைத் தெரிந்துகொள்ளாமலே இருந்திருக்கிறாள். ஆமணக்குத் தண்டின் குறுக்குவெட்டு வரையச் சொன்னால் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரைந்துவிடுவாள், எந்த வளையத்துக்குள் எந்த வளையம் என்று கைக்குத் தெரியும், ஆனால் தன் மண்டைக்குள் எந்தக் குழாய் எங்கே போகிறதென்று தெரியாது. பாளையங்கோட்டையில் கல்லூரிப் பிள்ளைகளுக்கு ரெக்கார்டு நோட்டில் படம் வரைந்து கொடுக்கிற செண்பகவல்லி அக்கா என்றால் தாவரவியல் படித்த பாதிப் பேருக்குத் தெரியும். மார்க்கு அவர்களுக்கு, பென்சில் தேய்மானம் இவளுக்கு. அப்படிப் படம் வாங்கிப்போன பிள்ளைகளில் ஒருத்திதான் பிருந்தா. இப்போது கோயம்புத்தூரில் ஒரு தாவர ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்க்கிறாள். புல்வகைகளைப் பற்றி அங்கே பெரிய புத்தகம் ஒன்று போடுகிறார்கள், எல்லாப் படமும் கையால் வரையவேண்டும், ஆறு மாதம் அங்கேயே தங்கி வரைய ஒரு ஆள் வேண்டும். இவள் வரைந்த படங்களைப் பிருந்தாதான் கொண்டுபோய்க் காட்டியிருந்தாள். அக்கா, சனிக்கிழமை மத்தியானத்துக்குள்ள முடிவு பண்ணி மெயில் போட்டுருவாங்க, எந்த ஐடிக்கு அனுப்பச் சொல்லட்டும் என்று கேட்டாள். நாளைக்குச் சொல்கிறேன் என்று சொல்லிச் சொல்லியே வாரம் ஓடிப்போய் இன்றைக்குச் சனிக்கிழமை. புதிதாக ஓர் ஐடி சொல்லாவிட்டால் பதில் பழைய ஐடிக்குப் போகும். பழைய ஐடிக்குப் போனால் அதை முதலில் படிப்பது மகாராஜனாக இருக்கும்.

பழைய ஐடி என்றால் அவள் பேரில் இருக்கிற ஐடிதான். செண்பகவல்லி என்று முழுப்பெயரும் போட்டு மகாராஜன்தான் தொடங்கிக் கொடுத்தார், அவர் போனில். அப்புறம் இவளுக்கு என்று போன் வாங்கியபோது இதிலும் அதைப் போட்டுக் கொடுத்தார். ஆனால் அவர் போனிலிருந்து எடுக்கவில்லை. எடுக்கவேண்டும் என்று அவருக்கும் தோன்றவில்லை, இவளுக்கும் தோன்றவில்லை. காலையில் காப்பி குடித்துக்கொண்டே இவளுக்கு வந்த மெயில்களையெல்லாம் அவர் திறந்து படித்து, கேஸ் சிலிண்டர் வந்திருக்கு, உன் மக ஹாஸ்டல்ல இருந்து ஏதோ சுற்றறிக்கை, புடவைக்கடைக்காரன் தள்ளுபடின்னு பொய் சொல்லுதான் என்று சமையல்கட்டைப் பார்த்து வாசித்துச் சொல்லிவிடுவார். ஆரஞ்சு வாங்கினால் தோலுரித்து நாரெல்லாம் எடுத்துச் சுளையாகத்தான் அவள் கையில் கொடுப்பார், அதுபோல இதுவும். பிரியத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. அதுதான் இதில் உள்ள கஷ்டம். விடுமுறைக்கு வந்த பிருந்தா தன் லேப்டாப்பைத் திறந்து வைத்தபோது, அந்த மெயில் பெட்டியில் சில வரிகள் தடித்தும் சில வரிகள் மெலிந்தும் இருந்ததைப் பார்த்து, இது ஏன் தடிச்சிருக்கு, ஆபீசர் அனுப்பினதா என்று செண்பகவல்லி கேட்டாள். பிருந்தா சிரித்துவிட்டாள். "படிக்காததுன்னா தடிச்சிருக்கும்க்கா. தொறந்து படிச்சிட்டா மெலிஞ்சிரும்." செண்பகவல்லியும் கூடச் சிரித்தாள். ஆனால் ராத்திரி சாமான் துலக்கும்போது கை நின்றுவிட்டது. இத்தனை வருஷத்தில் தன் பெட்டியில் ஒரு தடித்த வரியைக்கூட அவள் கண்டதில்லை. எல்லாமே மெலிந்துதான் வந்தன. மெயில் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருந்தாள். மகள் ஆறாம் வகுப்புப் படிக்கும்போது சென்னையிலிருந்து ஒரு பதிப்பகம், பாடப்புத்தகத்துக்குப் படம் வரைய முடியுமா, நேரில் வாருங்கள் என்று எழுதியிருந்தது. அதுவும் மெலிந்துதான் வந்தது. வந்தது என்பதே பதில் போன பிறகுதான் தெரியும். உனக்கு ஏன் சிரமம்னு நானே முடியாதுன்னு எழுதிட்டேன் என்று மகாராஜன் சாப்பாட்டில் உட்கார்ந்து சொன்னார், ஒரு நல்ல காரியம் செய்த முகத்தோடு. அவள் சரி என்று சொல்லி ரசம் ஊற்றினாள். பிறகு ஒரு நாள் தேடிப்பிடித்துப் படித்தாள். குடும்பச் சூழ்நிலை காரணமாக இயலாமைக்கு வருந்துகிறேன், இங்ஙனம் செண்பகவல்லி. அவள் எழுதியிருந்தால்கூட அவ்வளவு மரியாதையாக எழுதியிருக்கமாட்டாள். அந்தச் செண்பகவல்லி யார் என்று பல நாள் யோசித்திருக்கிறாள். கோபம் வந்ததா என்று கேட்டால், வந்தது. வந்த கோபத்தை எங்கே வைப்பதென்றுதான் தெரியவில்லை.

இன்னொரு செண்பகவல்லியும் இருந்தாள், லண்டன் விமான நிலையத்தில். மெயில் பெட்டி நிரம்பிவிட்டது, இன்று மாலைக்குள் உறுதிசெய்யாவிட்டால் முடங்கிவிடும், இங்கே தொடவும் என்று ஒரு மெயில் வர, மகாராஜன் பதறிப்போய்த் தொட்டு, கேட்ட இடத்தில் பாஸ்வேர்டையும் போட்டுக் கொடுத்துவிட்டார். மறுநாள் காலையில், கைப்பையைத் தொலைத்துவிட்டு லண்டனில் நிற்கிறேன், உடனே உதவவும் என்று செண்பகவல்லி பேரில் சொந்தக்காரர் எல்லாருக்கும் மெயில் போயிற்று. தென்காசியிலிருந்து மகாராஜனின் அத்தை மகள் பஸ் ஏறி வந்துவிட்டாள், எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லாம சீமைக்குப் போயிருக்கா பாரு என்று. வந்தவளுக்குக் கதவைத் திறந்ததே செண்பகவல்லிதான். எல்லாரும் திட்டிக்கொண்டிருந்தபோது இவள் மனசு மட்டும் அந்த விமான நிலையத்தில் நின்றுகொண்டிருந்தது. மதுரையைத் தாண்டாத ஒருத்தி அங்கே என்ன சேலை கட்டியிருப்பாள், குளிருக்கு என்ன செய்வாள், கைப்பையில் பென்சில் டப்பா இருந்திருக்குமா. அதற்குப் பிறகு பாதுகாப்பு விஷயத்தில் மகாராஜன் பெரிய ஆளாகிவிட்டார். பாஸ்வேர்டை மாற்றினார். குலசாமி பெயரும் ஒண்ணு ரெண்டு மூணும். சாமியத் தாண்டி எவன் உள்ள வருவான் என்று கேட்டார். கேட்டதோடு நிற்காமல், கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போன இடத்தில் பந்தியில் உட்கார்ந்து எல்லாருக்கும் அந்த யோசனையைச் சொல்லிக்கொடுத்தார். அதனால் இப்போது கொழுந்தன், நாத்தனார், கத்தாரில் இருக்கிற நாத்தனார் மகன்வரை குடும்பம் முழுக்க ஒரே பூட்டு, ஒரே சாவி. அவள் நினைத்தால் யார் மெயிலையும் திறக்கலாம். நினைத்துப் பார்த்ததுகூட இல்லை என்று சொன்னால் பொய்; ஒரு தடவை நினைத்தாள், நாத்தனார் யாருக்கு என்ன எழுதுகிறாள் என்று. அப்புறம் வெட்கமாகிப்போய் அடுப்பைத் துடைக்கப் போய்விட்டாள்.

போனின் வெளிச்சம் முன்னைவிடக் கூசியது. மருந்து வேலை செய்யத் தொடங்கிவிட்டதா, இல்லை வெறும் வெள்ளெழுத்துதானா என்று தெரியவில்லை. வெள்ளெழுத்துக்குக் கண்ணாடி வாங்கத்தான் வந்திருந்தாள். விழித்திரையையும் பார்த்துவிடலாம் என்று டாக்டர் சொன்னதில் சின்னதாக ஒரு பயமும் இருந்தது. புல்லின் பூ கடுகைவிடச் சிறியது, அதில் முள்மயிர் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதென்று பார்க்கக் கண் வேண்டும். கண் இல்லாவிட்டால் மெயில் வந்து என்ன செய்ய? அந்த நினைப்பை அவள் தள்ளினாள். தள்ளிய இடத்துக்கு ஐடி வந்து நின்றது. எதைத் தேர்ந்தெடுப்பது என்று வாரம் முழுக்கப் படித்தாயிற்று. அவர் குளிக்கிற நேரம், அவர் செய்தி பார்க்கிற நேரம். என்ன பாக்குத என்று நடுவில் வந்து கேட்பார், சந்தேகத்தில் அல்ல, பேச்சுத்துணைக்கு. உடனே கோலம் பார்ப்பதாகக் காட்டுவாள். எல்லாரும் வைத்திருக்கிற அந்தப் பெரிய கம்பெனியிலேயே இன்னொன்று தொடங்கலாம், இலவசம், சுலபம், இரண்டாவது பூட்டும் போட்டுக்கொள்ளலாம். ஆனால் இந்தப் போனில் பழைய ஐடியும் புதிய ஐடியும் ஒரே கதவுக்குள் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். மகாராஜன் விரல் பழக்கத்தில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாண்டிவிடும். காசு கட்டுகிற கம்பெனிகளும் இருந்தன, விளம்பரம் வராது, நம் கடிதத்தைப் பார்த்து நமக்குப் பாத்திரம் விற்கமாட்டார்கள். கார்டு நம்பர் கேட்டார்கள், கார்டு அவர் பேரில் இருந்தது. மூன்றாவதாக ஒன்று, பூட்டுப் படம் போட்டது. அதன் முதல் பக்கத்தில் ஒரு வரி: உங்கள் கடிதங்களை எங்களாலும் படிக்க முடியாது. அதைப் படித்ததும் செண்பகவல்லி திரும்ப ஒருமுறை படித்தாள். எங்களால் முடியும், எங்களால் முடியும் என்று சொல்கிறவர்களைத்தான் வாழ்க்கை முழுக்கப் பார்த்திருக்கிறாள். எங்களால் முடியாது என்று ஒருத்தன் விளம்பரம் செய்கிறான். எப்படி முடியாமல் போகும்? அவன் வீட்டு அலமாரியில்தானே வைத்திருக்கிறான்? மேலே மேலே படித்தாள். கடிதம் அவன் அலமாரியில் இருக்கும், ஆனால் எழுத்தெல்லாம் கலைத்துப்போட்டு இருக்கும், அடுக்குகிற சாவி நம் பாஸ்வேர்டில் இருக்கும். அந்தப் பக்கம் வாங்குகிறவர் சாதாரண மெயில் வைத்திருந்தால் அங்கே போன பிறகு பூட்டு இல்லை, அதையும் ஒளிக்காமல் எழுதியிருந்தான். பாஸ்வேர்டை மறந்தால் புதுச் சாவி தருவோம், பழைய கடிதங்கள் மட்டும் திறக்காது என்றும் எழுதியிருந்தான். அந்த இடத்தில் அவளுக்குப் பயம் வந்தது. மறந்து தொலைத்தால்? வீட்டில் எது தொலைந்தாலும் இவரைத்தானே கேட்பாள். இனி ஒன்று தொலைந்தால் கேட்க ஆள் கிடையாது. அப்படி ஒரு பொருள் தன்னிடம் இதற்குமுன் இருந்திருக்கிறதா என்று யோசித்துப் பார்த்தாள். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. அந்தப் பூட்டுப் படத்தையே தொட்டாள்.

பெயர் கேட்டது, கொடுத்தாள். பாஸ்வேர்டு கேட்டது. விரல் தன்பாட்டில் குலசாமிப் பெயரின் முதலெழுத்துக்குப் போய்விட்டது, இழுத்துப் பிடித்தாள். சாமி கோபித்துக்கொள்ளாது, கொடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் தெரிந்த பெயராய்ப் போனதில் சாமிக்கே அலுத்துப்போயிருக்கும். ஒன்றோடு ஒன்று சேராத நாலு சொற்களைச் சேர்த்துப் போடுங்கள், உங்களுக்கு மறக்காது, மற்றவர்களுக்குத் தோன்றாது என்று எங்கேயோ படித்திருந்தாள். மகள் பெயரா? எல்லாருக்கும் தெரியும். கல்யாண நாள்? பத்திரிகையில் அச்சடித்தது. பிடித்த பூ? கேட்டால் மகாராஜன் மல்லிகை என்பார், மற்றவர்களும் மல்லிகை என்பார்கள். உண்மையில் என்ன பூ என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. கேட்காததால் அது பத்திரமாக இருந்தது. பாதுகாப்பு என்பது இதுதானோ, யாரும் கேட்காத விஷயங்கள்? அப்படிப் பார்த்தால் தன்னிடம் ஊர் கொள்ளாத அளவுக்குப் பாஸ்வேர்டு இருக்கிறதே என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு கொஞ்சம் அழுகையும் வந்தது, அதை மருந்தின் கணக்கில் எழுதிவிட்டாள். பிறகு நாலு சொற்களைத் தேர்ந்தெடுத்து அடித்தாள். இதுவரை அவள் மனசில் ஓடியதை ஒன்றுவிடாமல் சொல்லிவந்தாயிற்று, இந்த நாலு சொற்களை மட்டும் சொல்வதற்கில்லை. கதை சொல்கிறவன் என்றாலும் அதைக் கேட்கக் கூடாது. அடுத்து போன் நம்பர் கேட்டது. அதையும் கடகடவென்று அடித்து முடித்து, குறியீடு அனுப்பியிருக்கிறோம் என்று வந்தபோது தன் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் வரவில்லை. வரவில்லையே என்று அடித்த நம்பரைத் திரும்பப் பார்த்தாள். கை அடித்தது மகாராஜன் நம்பரை. ரேஷன் கடையில், பள்ளிக்கூடத்தில், கேஸ் ஏஜென்சியில், காலையில் இந்த ஆஸ்பத்திரிச் சீட்டில்கூட அவள் கொடுத்தது அந்த நம்பரைத்தான். அது ஒன்றுதான் கைக்குத் தெரியும். அவரிடமிருந்து மறைக்கப் போட்ட கதவின் சாவியை அவருக்கே அனுப்பிவைத்த கெட்டிக்காரி உலகத்தில் இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். போன் அடித்தது.

"செம்பா, ஓடிபி ஒண்ணு வந்திருக்கு. சொல்லட்டுமா?"

"ம்."

"கேஸுக்கா?"

பொய் நாக்கு நுனிக்கு வந்தது. கேஸ் என்று ஒரு வார்த்தை. "இல்லங்க. எனக்கு."

"சரி, குறிச்சிக்கோ" என்று அவர் எண்களை ஒவ்வொன்றாக, தான் வேலை பார்க்கிற பார்சல் ஆபீஸில் பில் நம்பர் வாசிப்பது போல நிறுத்தி நிறுத்திச் சொன்னார். என்ன எனக்கு, எதற்கு எனக்கு என்று கேட்கவில்லை. ஓடிபி வந்தால் வாசித்துச் சொல்லவேண்டும், அவ்வளவுதான் அவருக்கு. காப்பி ஆற்றுகிற சத்தம் பின்னால் கேட்டது. அவர் சொல்லச் சொல்ல அவள் அடித்தாள். கதவு திறந்துவிட்டது. வெள்ளை வெளேரென்று ஒரு பெட்டி, அதில் ஒரே ஒரு வரி. தடித்த எழுத்தில். உங்களை வரவேற்கிறோம் என்று அந்தக் கம்பெனிக்காரன் அனுப்பியது. ஊரில் யார் தொடங்கினாலும் அனுப்புவான், அவளுக்கென்று எழுதியதல்ல, தெரியும். ஆனாலும் அதைத் தொட மனசு வரவில்லை. கறுப்பாக, தெம்பாக, ஆள் வரட்டும் என்று உட்கார்ந்திருக்கிறது. தொட்டாள். திறந்தது. திரும்பி வந்து பார்த்தால் வரி மெலிந்துவிட்டிருந்தது. தொடுகிறவர் கையில் அந்தத் தடிமன் போய்விடுகிறது. இத்தனை நாள் காப்பி டம்ளரோடு இவர் என்ன எடுத்துக்கொண்டிருந்தார் என்று இவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை, எனக்கே இப்போதுதானே தெரிகிறது என்று நினைத்தாள்.

ஆனால் வேலை முடியவில்லை. அவர் நம்பர் உள்ளே இருக்கும்வரை அவர் போனை வைத்திருக்கிற யாரும் புதுச் சாவி வாங்கிவிடலாம். மாற்றவேண்டும். மாற்ற அவளுடைய நம்பர் வேண்டும், அது அவளுக்கு மனப்பாடம் இல்லை. தன் நம்பருக்குத் தானே யாராவது போன் செய்வார்களா? அவர் போனில் அது வீடு என்ற பெயரில் இருக்கிறது. யோசித்து, ரீசார்ஜ் செய்த குறுஞ்செய்தியைத் தேடி, அதிலிருந்து கண்டுபிடித்து அடித்தாள். அதற்குள் சிஸ்டர் வந்து, என்னம்மா கண்ணத் தொறந்து வச்சிருக்கீங்க, தாடையைத் தூக்குங்க என்று இரண்டாம் தடவை மருந்து விட்டுப் போனாள். இந்தத் தடவை இரண்டு கண்ணையும் நிஜமாகவே மூடிக்கொண்டாள். இமைக்குள் ஆரஞ்சு வெளிச்சம், அதில் புழு நெளிவதுபோல ஏதோ. திறந்தபோது போனில் எழுத்தெல்லாம் தண்ணீரில் போட்டதுபோல ஊறிப்போயிருந்தது. குறியீடு வந்திருக்கிறது என்று தெரிகிறது, என்ன எண் என்று தெரியவில்லை. கையை நீட்டிப் பிடித்தாள், பக்கத்தில் கொண்டுவந்தாள். பக்கத்தில் ஒரு கண்ணுக்குப் பஞ்சு வைத்து ஒட்டியிருந்த மனிதர் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "குடுங்கம்மா, எனக்கு ஒரு கண்ணு நல்லாத்தான் தெரியுது, வாசிச்சுச் சொல்லுதேன்" என்றார். நல்ல மனிதர். எல்லாரும் நல்ல மனிதர்கள், எல்லாரும் வாசித்துச் சொல்லக் காத்திருக்கிறார்கள். "இருக்கட்டும் அண்ணாச்சி" என்றாள். அப்போதுதான் காலையில் கண் சோதித்த பெண் செய்தது நினைவு வந்தது. கடைசி வரி தெரியவில்லை என்று இவள் சொன்னதும் கண்ணுக்கு முன்னால் ஒரு கறுப்புத் தட்டைப் பிடித்தாள், அதில் ஊசி குத்தியதுபோல ஓட்டைகள். அதன் வழியே பார்த்தால் வரி பளிச்சென்று தெரிந்தது. கண்ணாடி இல்லை, ஒன்றுமில்லை, வெறும் ஓட்டை. எப்படி என்று கேட்டதற்கு, சின்ன ஓட்டை வழியா பார்த்தா தெளியும்மா என்று மட்டும் சொல்லி அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டாள். செண்பகவல்லி வலதுகையை முஷ்டியாக மடக்கி, உள்ளே ஊசிக்கண் அளவுக்கு ஓர் இடுக்கு விட்டு, அதைக் கண்ணில் வைத்துப் போனைப் பார்த்தாள். ஓர் எண் வந்து நின்றது. நகர்த்தினால் அடுத்த எண். பஞ்சு வைத்த மனிதர் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். எண்ணெண்ணாகப் பிடித்து அடித்து முடித்தாள். அப்படியே பிருந்தாவுக்குப் புது ஐடியை அனுப்பினாள். சொல்லிட்டேன்க்கா, இதுக்குத்தான் வரும் என்று பதில் வந்ததையும் முஷ்டி வழியாகத்தான் படித்தாள்.

மகாராஜன் வந்து உட்கார்ந்தபோது காப்பி வாசனையும் வந்தது. மூன்றாவது மருந்தும் விட்டாயிற்று. எதிரே டோக்கன் பலகையின் சிவப்பு எண்களைச் சுற்றி முடி முளைத்திருந்தது, ஜன்னல் ஒரே வெள்ளைத் துணியாக இருந்தது. அவர் முகம் மட்டும் தூரத்தில் இருந்தால் தெரிகிறது, பக்கத்தில் வந்தால் கலங்குகிறது. கல்யாணமான புருஷனைத் தள்ளிவைத்துத்தான் பார்க்கவேண்டும்போல என்று நினைத்து உதட்டைக் கடித்துக்கொண்டாள். அவரிடம் சொல்லிவிடலாமா? சொன்னால் என்ன ஆகும்? ஆறு மாசமா, அங்க யார் இருக்கா, சாப்பாட்டுக்கு என்ன செய்வ என்பார். கேட்கட்டுமே. கேட்டால் பதில் சொல்லலாம். முதலில் தனக்குத் தெரியவேண்டும், பிறகு அவருக்கு; அந்த வரிசை மட்டும் மாறாமல் இருந்தால் போதும். வேண்டாம் என்று எழுதியிருந்தாலும் அந்த வேண்டாமையும் முதலில் தானே படிக்கவேண்டும். மடியில் போன் ஒரு துடி துடித்தது. எடுத்தாள். புதிய கடிதம் ஒன்று என்று மட்டும் மங்கலாகத் தெரிந்தது. அதே நேரம் உள்ளேயிருந்து "செண்பகவல்லி, செண்பகவல்லி யாருங்க" என்று குரல் வந்தது. எழுந்தாள். வாசலில் நின்ற பெண், "போன், பை எல்லாம் கூட வந்தவங்ககிட்ட குடுத்துட்டு வாங்க" என்றாள்.

"குடு செம்பா. யார்கிட்ட இருந்து? நான் பாத்துச் சொல்லுதேன்."

அவள் போனைக் கொடுக்கவில்லை. அந்தப் போனின் பூட்டைத் திறக்க விரலால் இழுக்கிற கோடு அவர் வரைந்து கொடுத்தது. மாற்றவேண்டும் என்று இத்தனை யோசித்தும் தோன்றவில்லை.

"அது எனக்கு வந்ததுங்க. கோயம்புத்தூர்ல இருந்து, வேலை விஷயமா. மெட்ராஸ்காரங்களுக்கு எழுதின மாதிரி நீங்க எழுதிராதீங்க."

"மெட்ராஸா?" அவருக்குச் சட்டென்று பிடிபடவில்லை. பிடிபட்டபோது குரல் இறங்கிவிட்டது. "அது உனக்கு வேணும்னு எனக்குத் தெரியாதே செம்பா."

"நீங்க கேக்கலையே."

வாசலில் நின்ற பெண் இன்னொரு தடவை கூப்பிட்டாள். செண்பகவல்லி போனை அவர் கையில் வைத்தாள். "உங்க ஆபீஸுக்கு வந்த பார்சல்னு நெனச்சுக்கோங்க. தொறக்காதீங்க" என்று சொல்லிவிட்டு, கதவு எங்கே இருக்கிறதென்று கையால் தடவிக்கொண்டு உள்ளே போனாள்.

உள்ளே இருட்டு. தாடையை ஒரு தாங்கலில் வைத்து, நெற்றியை அழுத்தி, அசையாதீங்க என்றார் டாக்டர். வெளிச்சம் ஒன்று கண்ணுக்குள் இறங்கியது. இறங்கிப் பின்னால் போய் எல்லாவற்றையும் பார்க்கிற வெளிச்சம். இவருக்கு இப்போது என்ன தெரியும்? ரத்தக்குழாய்கள் மரம் மாதிரிக் கிளைவிட்டிருக்கும் என்று ஒரு புத்தகத்தில் பார்த்திருக்கிறாள், வரையக்கூட ஆசைப்பட்டிருக்கிறாள். உள்ளே பார்க்கிறவருக்கும் அந்த நாலு சொற்கள் தெரியாது. மேலே பாருங்க, கீழே பாருங்க, என் காதைப் பாருங்க. அவள் டாக்டரின் காதைப் பார்த்தாள், மனசு கதவுக்கு வெளியே நின்றது. பார்சல் ஆபீஸில் இத்தனை வருஷமாகப் பிறத்தியார் பார்சல் ஒன்றை நான் பிரித்ததில்லை, உள்ளே என்ன இருக்குன்னு குலுக்கிப் பார்த்ததுகூட இல்லை என்று கல்யாணவீடுகளில் அவர் சொல்வார். பிறத்தியார் பார்சல். அதில்தான் சிக்கலே. அவருக்குத் தான் பிறத்தியாள் ஆனால்தானே பிரிக்காமல் இருப்பார்? பிறத்தியாள் ஆவதற்கா இவ்வளவு பாடு? இல்லை, அப்படி இல்லை, வேறு ஏதோ ஒரு வார்த்தை இருக்கவேண்டும், சொந்தமும் இல்லாமல் பிறத்தியும் இல்லாமல். அந்த வார்த்தை கிடைக்கவில்லை. இப்போது அங்கே என்ன செய்துகொண்டிருப்பார்? விரல் சும்மா இருக்குமா? பழக்கம் பொல்லாதது, தன் விரலே குலசாமிக்கும் அவர் நம்பருக்கும் ஓடவில்லையா? திறந்துவிட்டால் என்ன செய்வாள்? கத்தமாட்டாள். ரசம் ஊற்றுவாள். அதை நினைத்தபோதுதான் நிஜமாகவே பயம் வந்தது. "விழித்திரை நல்லாத்தான் இருக்கு. படிக்கிறதுக்கு மட்டும் கண்ணாடி போடுங்க. பார்வை தெளிய சாயங்காலம் ஆகும்" என்றார் டாக்டர். அவள் தலையாட்டினாள். அந்த நல்ல செய்தியைக் கொண்டாட அப்போது நேரமில்லை.

வெளியே வந்தபோது கூடம் முழுக்க வெள்ளை வெயிலாக இருந்தது. தூரத்தில் மகாராஜன் தெரிந்தார், தெளிவாகவே தெரிந்தார். முதுகை நேராக வைத்து, இரண்டு கையையும் மடியில் குவித்து உட்கார்ந்திருந்தார். கிட்டே போகப் போகக் கலங்கினார். "கண்ணுல ஒண்ணுமில்லையாம், கண்ணாடி போட்டா போதுமாம்" என்றாள். அவர் பெருமூச்சு விட்டு மடியிலிருந்ததை எடுத்துக் கொடுத்தார். போனைக் காணவில்லை. துணிப்பொட்டலம் ஒன்று கைக்கு வந்தது. தடவிப் பார்த்தாள். அவருடைய கைக்குட்டையில் நாலு பக்கமும் மடித்துச் சுற்றி, மேலே முடிச்சுப் போட்டிருந்தார், பார்சலுக்குப் போடுகிற முடிச்சு, இழுத்தால் இறுகுமே ஒழிய அவிழாது.

"எதுக்குங்க இது?"

"கை சும்மா இருக்க மாட்டேங்கு" என்றார் மகாராஜன். "ரெண்டு தடவ எடுத்துட்டேன். அதான் கட்டிப்போட்டுட்டேன்."

அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். நகத்தால் நெம்பி நெம்பி முடிச்சை அவிழ்த்தாள். உதவிக்கு வந்த அவர் கை பாதி வழியில் நின்று திரும்பிப் போய்விட்டது. போனைத் திறந்து பூட்டுப் படத்தைத் தொட்டாள். மேலே ஒரு வரி. என்ன எழுத்தென்று தெரியவில்லை, ஆனால் கீழே இருந்த வரியைவிடக் கறுப்பாக, அகலமாக இருந்தது. தடித்திருந்தது.

"தெளிய சாயங்காலம் ஆகுமாமே. அதுவரைக்கும் என்ன செய்வ?" என்று கேட்டார் அவர். நான் படிச்சுச் சொல்லட்டுமா என்று அவர் கேட்கவில்லை. அவள் வலதுகையை மடக்கி, ஊசிக்கண் அளவுக்கு இடுக்கு விட்டுக் கண்ணில் வைத்தாள். இடதுகை விரலால் அந்த வரியைத் தானே தொட்டாள். மகாராஜன் முகத்தைத் திருப்பி, எண் மாறாத டோக்கன் பலகையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். முஷ்டியின் இடுக்கில் முதல் எழுத்து வந்து நின்றது, அடுத்து இரண்டாவது. அதில் என்ன இருந்தது என்று நாமும் இப்போது எட்டிப்பார்க்க வேண்டாம். முதலில் அவள் படிக்கட்டும்.